இரண்டு பழைய கார்டுகளும் ஒரு மலைவீட்டின் மின்சாரமும்

பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு ஓய்ந்து, களங்களில் பழம் காய்ந்துகொண்டிருந்த தை மாதத்தில் என் அண்ணன் மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அந்தப் பருவம் முழுவதும் சனி, ஞாயிறுகளில் தோட்ட வேலைக்குப் போய் ஏழாயிரம் ரூபாய் சேர்த்திருந்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்களை எழுதி நடுவே கோடு போட்டிருந்தான். ஒருபுறம் என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1060. மறுபுறம் ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580. இரண்டும் கணினி விளையாட்டின் காட்சிகளை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டுகள். இரண்டுமே பழையவை. மதுரையில் பழைய கணினிச் சாமான் விற்கும் கடையொன்றில் முதலாவதற்கு 6,500 ரூபாயும் இரண்டாவதற்கு 5,800 ரூபாயும் விலை சொல்லியிருந்தார்கள்.

“நெட்ல பாதிப் பேரு இதுங்குறாங்க, பாதிப் பேரு அதுங்குறாங்க. நீங்க சொல்லுங்க சித்தப்பா” என்றான்.

விளையாட்டுச் சாமான்தானே என்று ஒதுக்கிவிடக்கூடிய கேள்விதான். ஆனால், அந்த ஏழாயிரம் எத்தனை நாள் சரிவில் நின்று பழம் பறித்த கூலி என்பது எனக்குத் தெரியும். பழைய கார்டுக்கு உத்தரவாதம் கிடையாது. விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பெரும்பாலான கடைகளில் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவன் அவன் ஒருவன் மட்டுமல்ல. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவற்றின் விலை கடுமையாக ஏறியது. அந்தச் சுமை புதிய கணினிப் பொருட்கள் அனைத்தின் மீதும் விழுந்திருக்கிறது. போதாக்குறைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. சென்னை ரிச்சி தெருவிலிருந்து மதுரைக் கடைகள் வரை பழைய கார்டுகளைத் தேடி அலையும் மாணவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் மனப்பாடம். ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். இணையத்தில் குவிந்திருக்கும் வேக அட்டவணைகள் அவன் கேள்விக்குப் பாதி விடையைக்கூடத் தரவில்லை என்பதுதான் நான் கண்டது.

முதலில் இந்தக் கார்டுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். நம் வீட்டுத் திரைகளில் பரவலாக இருக்கும் 1920க்கு 1080 என்ற அளவில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. விளையாட்டு தடங்கலின்றி நகர வேண்டுமானால் நொடிக்கு 60 படங்கள் வேண்டும். அப்படியானால் நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட்டாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கணினியின் மையச் செயலி கெட்டிக்காரத்தனமான மேஸ்திரியைப் போன்றது. எந்த வேலையையும் செய்யும், ஆனால் ஆள் ஒன்றுதான். கிராஃபிக்ஸ் கார்டு என்பது பறிப்புக்கு வந்த கூட்டம். ஒவ்வொருவரும் செய்வது ஒரே எளிய வேலை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் செய்வதால் தோட்டம் முடிகிறது.

இந்த உவமையை இன்னும் சற்று நீட்டலாம். பறித்த பழத்தைக் கொட்டும் களம்தான் கார்டின் நினைவகம். களத்துக்குக் கொண்டுபோகும் பாதையின் அகலம்தான் நினைவகத் தடம். ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் பாதை குறுகலாக இருந்தால் மூட்டைகள் தேங்கும். களம் நிரம்பிவிட்டால் மிச்சத்தை அடிவாரத்துக் கிட்டங்கிக்கு அனுப்பித்தான் எடுக்க வேண்டும். கணினியில் அந்தக் கிட்டங்கி என்பது மெதுவான பொது நினைவகம். விளையாட்டின் நடுவே திரை திடீரென்று விக்கி நிற்பது பெரும்பாலும் அப்போதுதான்.

ஜிடிஎக்ஸ் 1060 வெளிவந்தது 2016 ஜூலையில். 1,280 கணக்கிடும் கருக்கள், 6 ஜிபி நினைவகம், 192 பிட் தடம், 120 வாட் மின்தேவை, அறிமுக விலை 249 டாலர். ஆர்எக்ஸ் 580 வந்தது 2017 ஏப்ரலில். அது முந்தைய ஆண்டின் ஆர்எக்ஸ் 480ஐச் சற்று முடுக்கிவிட்டு வெளியிட்ட வடிவம். 2,304 கருக்கள், 8 ஜிபி நினைவகம், 256 பிட் தடம், 185 வாட், 229 டாலர். தாளில் பார்த்தால் போட்டியே இல்லை. கணக்கிடும் திறனின் உச்ச அளவை டெராஃப்ளாப்ஸ் என்று சொல்வார்கள். 580க்கு அது 6.2, 1060க்கு 4.4. நாற்பது விழுக்காடு கூடுதல். பையனின் நோட்டிலும் 580இன் பக்கம்தான் எண்கள் பெரிதாக இருந்தன.

ஆனால், விளையாட்டுகளை ஓடவிட்டு அளந்தவர்கள் அன்றிலிருந்து இன்றுவரை கண்டது, இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பதைத்தான். ஒரு நிறுவனத்தின் கருவையும் மற்றொரு நிறுவனத்தின் கருவையும் எண்ணிக்கையில் ஒப்பிடுவது, இரண்டு தோட்டத்து ஆட்களைத் தலை எண்ணி ஒப்பிடுவது போலத்தான். என்விடியா தன் ஆட்களைச் சும்மா நிற்கவிடாது. நினைவகத்துக்குப் போகும் தகவலைச் சுருக்கிக் கட்டுவதிலும் அது கெட்டி. எனவே குறுகலான பாதையும் அதற்குப் போதுமானதாக இருந்தது. ஏஎம்டியின் கார்டில் ஆட்கள் அதிகம். அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்தான் பின்தங்கியிருந்தது. குறிப்பாக டைரக்ட்எக்ஸ் 11 என்ற பழைய முறையில் எழுதப்பட்ட விளையாட்டுகளில், ஏஎம்டியின் மென்பொருள் மையச் செயலியின் ஒரே கருவின் மீது பாரத்தை ஏற்றியது. அந்தச் செயலியே பழையது என்றால் கார்டு காத்துக்கிடக்கும்.

காலம் போகப்போகத் தராசு மறுபக்கம் சாய்ந்தது என்பதுதான் சுவையான செய்தி. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டிலும் இருந்தது ஏஎம்டியின் வரைகலைச் சில்லு. 580உம் அதே குடும்பம். அவற்றுக்காகச் செதுக்கப்பட்ட விளையாட்டுகள் கணினிக்கு வந்தபோது 580க்கு இயல்பாகப் பொருந்தின. ஏஎம்டி தொடங்கிவைத்த மேன்டில் என்ற முயற்சியிலிருந்து பிறந்த வல்கன் முறையும், டைரக்ட்எக்ஸ் 12உம் பரவியபோது வேலை பிரிக்கும் குறையும் தீர்ந்தது. பிந்தைய விளையாட்டுகள் 6 ஜிபி களத்தை நிறைத்து வழிந்தபோது 580இன் 8 ஜிபி தாங்கி நின்றது. தொடக்கத்தில் 1060 ஒரு மயிரிழை முன்னே. இன்று புதிய விளையாட்டுகளில் 580 ஓரளவு முன்னே. 2023இல் சைபர்பங்க் 2077 விளையாட்டுக்கு அறிவிக்கப்பட்ட திருத்திய குறைந்தபட்சத் தேவையில் 6 ஜிபி 1060உம் 8 ஜிபி 580உம் அடுத்தடுத்து நிற்கின்றன. விளையாட்டு செய்பவர்களின் பார்வையில் இரண்டும் ஒரே படிக்கட்டு.

வேகம் சமம் என்றால் விலை குறைந்ததை வாங்கிவிட்டுப் போகலாமே? 700 ரூபாய் மிச்சம். அண்ணன் மகனும் ஏறத்தாழ அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தான். சிக்கல் தொடங்குவதே அங்குதான்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

எங்கள் மலையின் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு எந்தப் பூண்டைக் கண்டாலும் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று சொல்லி விற்கும் ஆட்களும் பெருகிவிட்டார்கள். உரித்துப் பார்த்து முகர்ந்தால் எங்களுக்குத் தெரியும். கீழே இருந்து வருபவருக்குத் தெரியாது. கார்டுகளின் கதையும் இதுதான். ஒரே வேறுபாடு, இங்கே குழப்பத்தை உண்டாக்கியவர்கள் தெருவோர வியாபாரிகள் அல்லர், தயாரித்த நிறுவனங்களே.

2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கென்று ஏஎம்டி ஓர் ஆர்எக்ஸ் 580ஐ வெளியிட்டது. அதில் கருக்கள் 2,304 அல்ல, 2,048. உள்ளே இருப்பது அடுத்த கீழ்ப்படியான ஆர்எக்ஸ் 570இன் வலு. ஆனால், பெயரும் 580, நினைவகமும் 8 ஜிபி. அந்தக் கார்டுகள் சீன எல்லைக்குள் நிற்கவில்லை. இன்று நம் ஊர்ச் சந்தையில் மலிவாகப் பளபளக்கும் 580களில் இவை ஏராளம். என்விடியாவும் சளைத்ததல்ல. 1060 வந்த அடுத்த மாதமே அதே பெயரில் 3 ஜிபி கார்டு ஒன்றை இறக்கியது. அதில் நினைவகம் மட்டும் பாதியாகவில்லை, கருக்களும் 1,152ஆகக் குறைந்தன. 3 ஜிபி என்பது இன்றைக்குக் காற்றில் பறக்கும் களம்; இலவசமாகக் கொடுத்தால் தவிர வாங்கத் தகுந்ததல்ல. இவை போக, பத்தாண்டுக்கு மேற்பட்ட பழைய கார்டு ஒன்றின் உள்மென்பொருளைத் திருத்தி 1060 என்று தன்னை அறிவிக்கும்படி செய்த அப்பட்டமான போலிகளும் உண்டு.

அட்டைப்பெட்டியைப் பார்த்தோ விசிறியின் அழகைப் பார்த்தோ இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கும் வழி எளியது, செலவும் இல்லை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓடவிட்டால், ‘ஷேடர்ஸ்’ என்ற கட்டத்தில் கருக்களின் எண்ணிக்கை தெரியும். 1060க்கு 1,280, 580க்கு 2,304. போலியான என்விடியா கார்டு என்றால் அந்த மென்பொருளே பெரும்பாலும் எச்சரித்துவிடும். ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்குவதற்கு நியாயமே இல்லை.

அடுத்த அச்சம் ‘மைனிங்’. ஈதர் என்ற மெய்நிகர் நாணயத்தை உருவாக்குவதற்காகப் பல ஆண்டுகள் இரவும் பகலும் கார்டுகளை ஓடவிட்டார்கள். அதற்குத் தேவை அகலமான பாதையும் பெரிய களமும் என்பதால் 8 ஜிபி 580 அவர்களுடைய செல்லப்பிள்ளை. 2022 செப்டம்பர் 15 அன்று ஈதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. ஒரே நாளில் அந்தத் தொழில் நின்றது. வேலையிழந்த கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்து சேர்ந்தன. இன்று விற்கப்படும் 580 ஒன்று மைனிங்கில் உழைத்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதனாலேயே அது செத்த மாடு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மைனிங் செய்தவர்களில் பலர் மின்கட்டணத்துக்கு அஞ்சிச் சில்லைக் குறைந்த மின்னழுத்தத்தில்தான் ஓட்டினார்கள். வெப்பம் ஏறி இறங்கி ஏறுவதைவிட ஒரே நிலையில் இருப்பது சில்லுக்கு நல்லது. தேய்வது விசிறியின் அச்சு, காய்ந்துபோவது வெப்பப் பசை, வதங்குவது நினைவகச் சில்லுகள். முதல் இரண்டையும் சில நூறு ரூபாயில் சரிசெய்யலாம். மூன்றாவதைச் சரிசெய்ய முடியாது. நினைவக வேகத்தைக் கூட்டுவதற்காக உள்மென்பொருளைத் திருத்திவிட்டு, பழையபடி மாற்றாமலே விற்றவர்களும் உண்டு. அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால், திரையில் வண்ணப் பொட்டுகளோ கோடுகளோ தோன்றி அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மின்சாரக் கணக்கு

வேக அட்டவணைகளை எழுதுபவர்கள் வசிக்கும் இடங்களில் மின்சாரம் நிற்பதில்லை. பண்ணைக்காட்டில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைகளைக் கடந்தபோது பட்டதை நாங்கள் மறந்துவிடவில்லை. மின்சாரம் போய்விடுவது ஒருபுறம். இருக்கும்போதே ஏறி இறங்குவது மறுபுறம். எனவே இங்கே கணினி வைத்திருப்பவர் எவரும் யுபிஎஸ் இல்லாமல் இருப்பதில்லை. அண்ணன் வீட்டில் இருப்பது 600 விஏ என்று எழுதிய சாதாரணப் பெட்டி. அந்த 600 என்பது வாட் அல்ல. அத்தகைய பெட்டிகள் உண்மையில் தாங்குவது 360 வாட் அளவில்.

இனி கூட்டிப் பார்க்கலாம். பையனின் கணினியில் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 84 வாட். தாய்ப்பலகை, வட்டு, விசிறிகளுக்கு ஒரு 40 வாட் வைத்துக்கொள்வோம். இதனோடு 1060இன் 120 வாட் சேர்ந்தால் 244. 580இன் 185 சேர்ந்தால் 309. கணினிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ், சுவரிலிருந்து இழுப்பதில் ஒரு பங்கை வெப்பமாக வீணாக்கும். 85 விழுக்காடு திறன் என்று தாராளமாகவே கணக்கிட்டால், சுவரிலிருந்து இழுப்பது முதலாவதில் 287 வாட், இரண்டாவதில் 364 வாட். திரைக்கு ஒரு 20 வாட் சேர்த்தால் 307, 384. யுபிஎஸ் தாங்குவது 360.

எல்லாப் பகுதிகளும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடுவது அரிது என்பது உண்மைதான். ஆனால், மின்சாரம் போகும் நொடி எது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. விளையாட்டின் உச்சத்தில் மின்சாரம் போனால் 1060 உள்ள கணினி மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும். 580 உள்ள கணினி யுபிஎஸ்ஸோடு சேர்ந்து படுத்துவிடும். விளையாட்டு போனால் போகட்டும்; எழுதிக்கொண்டிருக்கும் வட்டு பழுதானால் கல்லூரிப் பாடங்களும் போகும்.

580இன் மின்தேவையைக் குறைக்க வழியில்லையா என்று கேட்கலாம். உண்டு. ஏஎம்டியின் மென்பொருளிலேயே சில்லின் மின்னழுத்தத்தைச் சற்று இறக்கலாம். இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு ஆலையிலிருந்தே தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பலவற்றில் வேகம் குறையாமலே கணிசமான வாட்களைச் சேமிக்க முடிகிறது. பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல வேலை. ஆனால், கார்டுக்குக் கார்டு அளவு மாறும். முன்கூட்டி நம்பிப் பணம் கொடுக்க முடியாது.

மாதக் கட்டணத்தைப் பொறுத்தவரை பலரும் பயமுறுத்தும் அளவுக்கு ஒன்றுமில்லை. 65 வாட் வேறுபாடு, நாளுக்கு மூன்று மணி நேரம், அறுபது நாள்: பன்னிரண்டு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால் இரு மாதக் கட்டணத்தில் அறுபது ரூபாய் கூடும், ஆண்டுக்கு 350. ஆனால், இரண்டே ஆண்டுகளில் அந்த 700 ரூபாய் மிச்சம் கரைந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று ஒளிந்திருந்தது. கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முனை 1060களில் பெரும்பாலும் ஆறு ஊசி. 580களில் எட்டு ஊசி, சிலவற்றில் அதற்கும் மேல். பையனின் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது ஒரே ஓர் ஆறு ஊசி ஒயர். 580 வாங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும். ஓரளவு நம்பத்தக்கது இரண்டாயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது. நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் இணைப்பு ஒயரைப் போட்டு எட்டு ஊசியாக மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னார்களாம். பழைய வட்டு ஒயரிலிருந்து 150 வாட்டை இழுப்பது, மரவீட்டில் அடுப்பை மூட்டிவிட்டுப் போவதற்குச் சமம். ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் பெருநிறுவன அலுவலகக் கணினிகளில் இந்த முனையே இல்லாத எஸ்எம்பிஎஸ்கள் இருப்பதும் உண்டு. அவற்றுக்கு வாங்குபவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

ஆக, 5,800 ரூபாய்க் கார்டின் மெய்யான விலை எட்டாயிரத்தை நெருங்குகிறது. 6,500 ரூபாய்க் கார்டு அதே விலையில் நிற்கிறது.

எத்தனை நாள் உயிர்?

பழைய மாட்டை வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். கார்டுக்குப் பல் என்பது டிரைவர் மென்பொருள். புதிய விளையாட்டு வரும்போது அதற்கேற்ப நிறுவனம் டிரைவரைத் திருத்திக்கொடுக்க வேண்டும். 1060 உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறைக்கு 2025 அக்டோபரோடு அந்தச் சேவையை என்விடியா முடித்துக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஏஎம்டி இன்னும் முன்பே, 2023இலேயே, 580இன் தலைமுறையைப் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டது. இருவரும் கைகழுவிவிட்டார்கள் என்றே கொள்ளலாம்.

விண்டோஸை விட்டு வெளியே வந்தால் காட்சி மாறுகிறது. லினக்ஸில் ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர் திறந்த மூல மென்பொருள். தன்னார்வலர்களும் பிற நிறுவனங்களும் அதைத் தொடர்ந்து பேணுகிறார்கள். 580 அங்கே இன்னும் பல ஆண்டுகள் வாழும். 1060க்கு அந்த வாய்ப்பு இல்லை. நான்காம் தலைமுறை இன்டெல் செயலியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எனவே லினக்ஸ் என்பது இங்கே வெறும் பொழுதுபோக்கு அல்ல. இந்த இடத்தில் என் மனம் 580 பக்கம் நன்றாகவே சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பையன்தான் மடக்கினான். அவன் நண்பர்கள் கூடி ஆடுவது வேலரன்ட். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இயங்காது.

அவனுக்கு இன்னொரு தேவையும் இருந்தது. கேட்ட பிறகுதான் சொன்னான். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றுக்கொண்டிருக்கிறான். 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0, ஓபன்சிஎல் முறையைக் கைவிட்டபோது 580இன் தலைமுறைக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. படத்தை இறுதி செய்யும் முழு வேலையும் மையச் செயலியின் தலையில் விழும். 1060, என்விடியாவின் கூடா முறையில் அந்த வேலையைச் செய்துகொடுக்கும். விளையாட்டுக்கென்று வாங்கும் பொருள் படிப்புக்கும் உதவுமானால் அதற்கு விலை உண்டு.

இரண்டாலும் முடியாதவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து வரையும் ‘ரே ட்ரேசிங்’ வன்பொருள் இரண்டிலும் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், அடுத்த ஆண்டு வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்றவை அந்த வன்பொருள் இல்லாமல் தொடங்கவே தொடங்கா. இத்தகைய விளையாட்டுகள் இனி கூடும். மறுபுறம், சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உத்தியில் ஒரு வேடிக்கை உண்டு. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் தன் சொந்தப் பிள்ளையான 1060இல் இயங்காது. போட்டியாளரான ஏஎம்டி 2021இல் கொடுத்த எஃப்எஸ்ஆர் இயங்கும். பெற்றவர் கைவிட்டதை அடுத்த வீட்டார் வளர்க்கிறார்.

கையில் சற்றுக் கூடுதலாகப் பணம் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, 2021 அக்டோபரில் வந்த ஆர்எக்ஸ் 6600 கார்டைப் பழையதாகத் தேடுவதே அறிவுடைமை. 132 வாட்டில் இவற்றைவிட வெகுவாக மேலானது. அதற்காகப் பெயரில் 6500 என்று இருப்பதையெல்லாம் புதியது என்று நம்பி வாங்கிவிடக் கூடாது. 6500 எக்ஸ்டி கார்டு, தாய்ப்பலகையோடு நான்கே தடங்களில் பேசுகிறது. பழைய தாய்ப்பலகையில் அது மூச்சுத்திணறும்.

திரையையும் மறக்கக் கூடாது. பையனிடம் இருப்பது 1366க்கு 768 அளவுள்ள பழைய அலுவலகத் திரை. ஏறத்தாழப் பத்தரை லட்சம் புள்ளிகள், அதாவது பெரிய திரையின் பாதி. அதில் ஜிடிஏ 5உம் வேலரன்ட்டும் இரு கார்டுகளுக்கும் பொருட்டே அல்ல. திணறினால் திணறுவது அந்த நான்காம் தலைமுறைச் செயலியாகத்தான் இருக்கும். 8 ஜிபி நினைவகத்தின் மேன்மை வெளிப்படுவதற்கு அவன் முதலில் திரையை மாற்ற வேண்டும்.

சென்னையிலோ கோவையிலோ நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் பெரிய திரையும் வைத்துக்கொண்டு ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால், 2,304 கருக்கள் உள்ள மெய்யான 8 ஜிபி 580ஐத் தயங்காமல் சொல்வேன். பண்ணைக்காட்டில், அந்த யுபிஎஸ்ஸோடு, அந்த ஓர் ஆறு ஊசி ஒயரோடு, 6 ஜிபி 1060 என்றேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1,280 என்றும் 2,304 என்றும் பெரிதாக எழுதிக்கொண்டு, ஒரு பென் டிரைவில் ஜிபியு-இசட்டை ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை முதல் பேருந்தில் வத்தலக்குண்டுக்கு இறங்கி மதுரைக்குப் போனான். மதியம் அழைத்தான். முதலில் 580ஐத்தான் மாட்டிப் பார்க்கச் சொன்னானாம். ஆசை விடவில்லை போலும். ஷேடர்ஸ் கட்டத்தில் வந்த எண் 2,048. கடைக்காரருக்கே அது தெரிந்திருக்கவில்லை. பெட்டியில் 580 என்றுதானே இருக்கிறது என்று அவரும் திரையை உற்றுப் பார்த்தாராம். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

1060இல் 1,280 என்று வந்தது. அரை மணி நேரம் ஓடியதில் பொட்டும் இல்லை, கோடும் இல்லை. ஒரு விசிறியில் மட்டும் மெல்லிய கரகரப்பு. அதைச் சொல்லி 300 ரூபாய் குறைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் தூசி தட்டி வெப்பப் பசை மாற்றிக்கொடுத்தேன். இங்குள்ள குளிரில் அந்த விசிறி வேகமெடுக்கும் தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. மறுவாரம் ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனது. யுபிஎஸ் கீச்சிட்டது, கணினி நின்றுகொண்டிருந்தது. அவன் நிதானமாக ஆட்டத்தை மூடிவிட்டு அணைத்தான். பேருந்துக் கட்டணம் போக மீதியிருந்த பணம் தங்கையிடம் வாங்கியிருந்த கடனுக்குப் போனது.